பிளேடைத் தூக்கு, நார்பர்ட்

எங்கள் ஊர் மட் லேக்கின் நூறாண்டுப் புத்தகத்துக்கு டெக்லா துச்சாக்கைப் பற்றி இருநூறு வார்த்தையில் எழுதிக் கொடு என்று கமிட்டிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைத் திட்டிய திட்டுகளை மட்டும் எழுதினாலே அந்த இருநூறு காணாது. அதனால் இது நீளும். பிடிக்காவிட்டால் கமிட்டி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். புத்தகத்தின் ரயில்வே அத்தியாயத்தை நான் படித்துவிட்டேன். இயக்குநர்கள் பன்னிரண்டு பேரின் பெயரும், அவர்கள் டை கட்டிக்கொண்டு ரிப்பன் வெட்டுகிற படமும் இருக்கின்றன. அறுபத்தெட்டு மைல் தண்டவாளத்தையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் 'மற்றும் பணியாளர்கள்' என்ற இரண்டு வார்த்தைக்குள் போய்விட்டாள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்க ஊரில் நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், எந்த நாளில் தடம் புரளவே கூடாதோ அந்த நாளில், டெக்லாவின் ரயிலைத் தடம் புரள வைத்தவன் நான்தான். பெயர் நார்பர்ட் கெஸ்லர். முப்பத்தொரு வருடம் ஊராட்சிக்குக் கிரேடர் ஓட்டினேன். கோடையில் சரளை ரோட்டைச் சீவிச் சமன் செய்வதும், குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவதும் என் வேலை. வண்டியின் வயிற்றுக்குக் கீழே பன்னிரண்டடி நீளத்தில் ஓர் இரும்பு பிளேடு இருக்கும். குற்றம் அதனுடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பிளேடு தானாக இறங்காது.

மட் லேக்கிலிருந்து டான்ஸ்லி வரைக்கும் 1913-ல் தண்டவாளம் போட்டது பெரிய ரயில்வே. டான்ஸ்லியில் அவர்களுடைய பிரதான பாதை போகிறது. எங்களுடையது அதிலிருந்து பிரிந்து வரும் கிளை. எட்டு மைலுக்கு ஒரு தானியக் களஞ்சியம், களஞ்சியத்துக்கு ஓர் ஊர், அவ்வளவுதான் எங்கள் பூகோளம். அறுபது வருடம் இங்கிருந்து கோதுமை போனது, அங்கிருந்து நிலக்கரியும் பியானோவும் கல்யாணப் பெண்களும் வந்து இறங்கினார்கள். அப்புறம் களஞ்சியங்களை ஒவ்வொன்றாக இடித்தார்கள். தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் மக்கியபோது மாற்றுவதை நிறுத்தினார்கள். தண்டவாளத்துக்கு நடுவில் புல் இடுப்பளவு வளர்ந்தது. 1997-ல், பாதையையே பிடுங்கி எடுக்கப் போகிறோம் என்று கடிதம் வந்தது. கர்லிங் என்ற பனிக்கட்டி விளையாட்டுக்கான அரங்கத்தில் கூட்டம் போட்டு, விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து பாதையை வாங்கினார்கள். மட் லேக் - டான்ஸ்லி ரயில்வே என்று பெயர் வைத்து, இன்ஜினின் விலாவில் எம்.எல்.டி. என்று எழுதினார்கள். 'மெல்ல, லேட்டா, தள்ளு' என்று ஊர் அதை விரித்துப் படித்தது. இன்ஜின் ஏதோ ஒரு சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பழசு. பச்சை நிறம். அதற்கு நீலம் பூச ஆரம்பித்தார்கள், பாதியில் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. வரும்போது நீலமாகவும் போகும்போது பச்சையாகவும் தெரிந்ததால் எங்களிடம் இரண்டு இன்ஜின் இருப்பதாக வெளியூர்க்காரர்கள் ரொம்ப நாள் நம்பினார்கள்.

டெக்லா அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது சமையல்காரியாக. 1970, அவளுக்குப் பத்தொன்பது வயது. தண்டவாள வேலைக்காரர்கள் இருபத்திரண்டு பேருக்கு, சைடிங் என்கிற ஒதுக்குப் பாதையில் நிறுத்திய ஒரு சமையல் பெட்டியில் பொங்கிப் போட்டாள். அவள் செய்கிற ஹொலுப்சிக்காக, அதாவது முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டியதற்காக, பக்கத்து கேங்கிலிருந்து ஆட்கள் மாற்றல் கேட்டு வந்தார்களாம். ஒரு நாள் கட்டைக்கு ஆணி அடிக்க இரண்டு ஆள் குறைந்தது. டெக்லா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சம்மட்டியை எடுத்தாள். சாயங்காலம் வரை அடித்தாள். அன்றைக்கு இருபத்திரண்டு பேரும் வெறும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றார்கள்.

"ஏம்மா, நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஆணி அடிக்கத்தானே ஆள் கிடைக்கலன்னு புலம்பினீங்க? சமைக்க ஆள் தேடுங்க, சுலபமா கிடைக்கும்."

பதினேழு வருடம் பெரிய ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தாள். கேங்குகளைக் கலைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பாதையை வாங்கிய பன்னிரண்டு இயக்குநர்களுக்கும் எது கட்டை, எது விறகு என்று தெரியாது. மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் சாஸ்கட்டூன் பழத்தில் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாளாம்.

"வர்றேன். ஆனா வேகம் மணிக்குப் பத்து மைல். அதுக்கு மேல எவனாவது ஓட்டினா நான் பஸ்ஸுக்கே போயிடுவேன்."

"பத்து மைல்னா சைக்கிள்காரன் முந்திடுவானே டெக்லா?"

"முந்தட்டுமே. உங்க கோதுமையை அவன் கேரியர்லயே வெச்சு அனுப்புங்க."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பிக்-அப் வண்டி. அதன் முன்னும் பின்னும் சின்ன இரும்புச் சக்கரங்கள் இருக்கும். அவற்றை இறக்கினால் வண்டி தண்டவாளத்தில் ஓடும், ஏற்றினால் ரோட்டில் ஓடும். பின்னால் கடப்பாரை, கூர்க்கம்பி, விளக்குமாறு. எங்கள் பாதையில் ரோடு குறுக்கே கடக்கிற இடம் எண்பத்துமூன்று. ரயில் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. ரோடு கடக்கும் இடத்தில் அந்த விளிம்பு ஓடுவதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி இரண்டரை அங்குல இடுக்கு விட்டிருப்பார்கள். அதில் மண்ணும் பனியும் இறுகினால் விளிம்புக்கு இடமில்லை. சக்கரம் ஏறி வெளியே குதித்துவிடும். டெக்லா குளிர்காலம் முழுக்க மண்டியிட்டு அந்த இடுக்குகளைக் குத்திச் சுரண்டிக்கொண்டிருப்பாள். 'இடுக்கு டெக்லா' என்று பெயரே வந்துவிட்டது. பெயரைக் கேட்டுச் சிரிப்பாளே தவிரக் கோபப்பட மாட்டாள். அவளுடைய கோபத்துக்கெல்லாம் ஒரே சொந்தக்காரன் நான்.

ஏனென்றால் இடுக்கில் சரளையைத் தள்ளி அடைக்க ஒரு கிரேடரைப் போல எதனாலும் முடியாது. கிராசிங் வருவதற்கு முன் பிளேடைத் தூக்க வேண்டும், தாண்டியதும் இறக்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது கிராசிங் தாண்டுகிறவன் ஒன்றிரண்டில் மறப்பான். மறந்தால் தீர்ந்தேன். ஒரு முறை ஊராட்சிக் கூட்டத்துக்கு ஒரு வாளி நிறையச் சரளையோடு வந்து, தலைவரின் மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன டெக்லா?"

"உங்க ரோடு. நார்பர்ட் என் தண்டவாளத்துல மறந்து விட்டுட்டுப் போயிட்டான். திருப்பிக் கொடுக்க வந்தேன்."

அதோடு விட்டாளா? எண்பத்துமூன்று கிராசிங்கிலும், இரண்டு பக்கமும், பதினெட்டடி தள்ளி ரோட்டில் மஞ்சள் கோடு போட்டாள். சரளை ரோட்டில் பெயிண்ட் நிற்குமா? நிற்காது. மாதாமாதம் போட்டாள். ரேடியோவில் ஊராட்சி அலைவரிசையையும் வைத்துக்கொண்டு, என் வண்டி கிராசிங்கை நெருங்குவது தூரத்தில் தெரிந்தாலே குரல் கொடுப்பாள்: "பிளேடைத் தூக்கு, நார்பர்ட்." வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. நானும் சும்மா இருக்க மாட்டேன். "தூக்கிட்டேன் தாயே, மலை ஏறு" என்பேன்.

இதையும் சொல்லியாக வேண்டும். என் மனைவி ஐரீன் படுக்கையில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் டெக்லா வியாழக்கிழமை தவறாமல் சட்டியோடு வந்தாள். எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஐரீனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இருபத்திரண்டாம் கிராசிங்கில் நரி குட்டி போட்டதையும், இன்ஜின் ஓட்டும் லைல் ஆஸ்ட்பி தொப்பியைப் பறக்கவிட்டு அதைப் பிடிக்க ரயிலை நிறுத்தியதையும் சொல்லுவாள். ஐரீன் சிரித்தது அந்த வியாழக்கிழமைகளில்தான். அடக்கத்துக்கு வந்த ஜனமெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னது. டெக்லா வந்து நின்று, "நாளைக்கு முப்பதாம் கிராசிங் பக்கம் வராத, கட்டை மாத்துறேன்" என்றாள். அன்றைக்கு நான் அழுதது அதைக் கேட்டுத்தான். நாளை என்று ஒன்று இருக்கிறதென்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி அந்த வருடம். ஏப்ரலில் புல்லில் பிடித்த தீ, பிளம் ஓடையின் மரப்பாலத்தைத் தின்றுவிட்டது. ரயில் நின்றது. இன்ஜின் மட் லேக் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆகஸ்டில் பெரிய ரயில்வேயிலிருந்து கடிதம். ஒப்பந்தப்படி ஒவ்வொரு அரை வருடத்திலும் சரக்கேற்றிய ஒரு பெட்டியாவது டான்ஸ்லியில் அவர்களிடம் வந்து சேர வேண்டும், டிசம்பர் முப்பத்தொன்று நண்பகலுக்குள் வராவிட்டால் எங்கள் பாதையை அவர்கள் பாதையோடு இணைக்கிற பாயின்ட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது.

"எடுத்தா எடுக்கட்டுமே, தண்டவாளம் நம்மளதுதானே?" என்று யாரோ கேட்டதற்கு டெக்லா சொன்னாள்: "பாயின்ட் போச்சுன்னா அது தண்டவாளம் இல்லடா. அறுபத்தெட்டு மைலுக்கு ஒரு இரும்பு வேலி."

அறுவடை முடிந்த கையோடு விவசாயிகளே பாலத்தைக் கட்டினார்கள். டெக்லா மேஸ்திரி. டிசம்பர் ஒன்பதாம் தேதி பாலத்தின் உறைந்த பலகையில் வழுக்கி விழுந்து வலது தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள். கையைத் துணித் தொட்டிலில் மாட்டி, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்கள். மறுநாள் இடது கையால் கூர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுக்குக் குத்திக்கொண்டிருந்தாள். நான் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். "கையில அடிபட்டா மூளைக்கு என்ன? நீ பிளேடைத் தூக்கிட்டுப் போ" என்றாள்.

பாலம் இருபத்தேழாம் தேதி முடிந்தது. இருபத்தெட்டிலிருந்து மூன்று நாள் பனிப்புயல். முப்பதாம் தேதி மதியம் காற்று அடங்கியதும் லைல் பதினொரு பெட்டி கோதுமையோடு பாலத்தைத் தாண்டி வந்து, இருட்டியதும் ஹேகன் கிராசிங்குக்கு ஆறு மைல் முன்னால் நிறுத்தினான். ஹேகனிலிருந்து டான்ஸ்லி ஒன்பது மைல். நடுவில் லண்டீன் சைடிங்கில் மசூர் பருப்பு ஏற்றிய பன்னிரண்டாவது பெட்டி காத்திருந்தது. அதையும் கோத்துக்கொண்டு போக வேண்டும். காலையில் கிளம்பினால் பத்தரைக்கெல்லாம் டான்ஸ்லி.

முப்பத்தொன்றாம் தேதி காலை, மைனஸ் முப்பத்தொன்று. டான்ஸ்லி பக்கமிருந்து ஹேகனை நோக்கிப் பனி தள்ளிக்கொண்டு போனேன். எண்பதாம் கிராசிங்கைப் பார்த்தேன். பள்ளிக்கூட கிராசிங் என்போம். வெள்ளையாக மூடிக் கிடந்தது. டெக்லாவின் ஒற்றைக் கை நினைவுக்கு வந்தது. பாவம், இத்தனையையும் எப்படிக் குத்துவாள், நாமே சுத்தம் செய்துவிடுவோம் என்று தோன்றியது. ரேடியோவில் கேட்டிருக்கலாம். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கேட்கவில்லை. பிளேடை இறக்கினேன். கிராசிங் மேஜை விரிப்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு முறை போய் வந்து டயரால் அழுத்தியும் விட்டேன். அப்புறம் எழுபத்தேழு, எழுபத்திநாலு. கடைசியாக எழுபது, ஹேகன்.

இருபத்தேழு வருடம் கிரேடர் ஓட்டியவன் இதைச் செய்வானா என்று கேட்பீர்கள். நானும் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயமில்லை. கண்ணுக்கு ரோடுதான் தெரிந்தது, மனசுக்கு அவள் கைதான் தெரிந்தது, இடுக்கு இரண்டுக்கும் தெரியவில்லை. ஹேகனில் வண்டியை ஓரம்கட்டி, பாராட்டு வாங்கிக்கொள்ளக் காத்திருந்தேன்.

ஒன்பதேகாலுக்கு நீல மூக்கைக் காட்டிக்கொண்டு ரயில் வந்தது. நான் தொப்பியைத் தூக்கினேன். லைல் கையாட்டினான். முன் சக்கரம் கிராசிங்கில் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. கட்டைகளைக் கடகடவென்று நொறுக்கிக்கொண்டு முப்பதடி போய், இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல நின்றது. பத்து மைல் வேகம் என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. லைல் இறங்கி வந்து கிராசிங்கைப் பார்த்தான்.

"எவன்டா இதை இவ்ளோ அழகாப் பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

டெக்லா அப்போது டான்ஸ்லியில் இருந்தாள். விடியும் முன்னே ஹேகனில் ஆரம்பித்து, பதினாலு கிராசிங்கின் இடுக்குகளையும் இடது கையால் குத்தி முடித்துவிட்டு எட்டு மணிக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அவள் சுத்தம் செய்த தடத்தின்மேல் காற்று கொஞ்சம் பனியைத் தூவியிருந்தது. அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் திறந்துவைத்ததை நான் போய் அடைத்திருக்கிறேன்.

லைல் ரேடியோவில் கூப்பிட்டதும் ரோடு வழியாகவே பறந்து வந்தாள். இறங்கி, மண்டியிட்டு, கூர்க்கம்பியை இடுக்கில் வைத்துத் தட்டினாள். கருங்கல்லைத் தட்டுகிற சத்தம் வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் கைக்காகத்தான் டெக்லா…"

"தெரியுது." எழுந்தாள். "லைல், இதைத் திரும்ப ஏத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆப்பு வெச்சு, இரும்பு சாய்வு போட்டு இழுக்கணும். இன்னிக்கு இருட்டிடும்."

மணி ஒன்பதே முக்கால். பதினொரு பெட்டியும் அந்த இன்ஜினுக்குப் பின்னால். டெக்லா டான்ஸ்லி திசையைப் பார்த்தாள், பிறகு என் கிரேடரைப் பார்த்தாள்.

"லண்டீன்ல பருப்புப் பெட்டி நிக்குது. டான்ஸ்லிக்கு ரெண்டே மைல். பிக்-அப் அதை அசைக்காது. நார்பர்ட், உன் வண்டி தள்ளுமா?"

"தள்ளும். ஆனா ரோட்டுல இருந்து எப்படித் தள்ளுறது?"

"ரோட்டுல இருந்து இல்ல. தண்டவாளத்து மேல ஏத்து."

லைலே திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கச் சக்கரமும் தண்டவாளத்துக்கு வெளியே கட்டைகளின் நுனியில் உருள, தண்டவாளம் வயிற்றுக்கடியில் போகும்படி கிரேடர் ஓட முடியும். கட்டைகளின் கதி என்ன ஆகும் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கட்டையும் அவள் வைத்தது.

"கட்டையெல்லாம் நசுங்கிடும்மா" என்றேன்.

"நசுங்கினா வசந்தத்துல மாத்திக்கலாம். பாயின்ட்டை யாரு மாத்தித் தருவா?" பிக்-அப் கதவைத் திறந்தவள் நின்றாள். "உண்மையைச் சொல்லு. வேற எங்கெல்லாம் பிளேடை இறக்கின?"

பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியும் கவிழ்ந்திருக்கும். "எழுபத்திநாலு, எழுபத்தேழு. அப்புறம்… எண்பது."

"பள்ளிக்கூடமா? நம்ம வழியிலயே வெச்சிருக்கியா. சரி, கூர்க்கம்பியை நீ எடுத்துக்கோ."

லண்டீனில் பெட்டியின் வால் பக்கமாகக் கிரேடரை ஏற்றினேன். பின்னாலிருந்து தள்ள ஒரு கட்டையை அண்டக் கொடுத்து, பெட்டி ஓடிவிடாமல் சங்கிலியும் போட்டோம். டெக்லா ஒற்றைக் கையால் ஏணியில் ஏறி, பெட்டியின் முன்பக்கத்தில் கைப்பிரேக் சக்கரத்தின் அருகே நின்றுகொண்டாள். இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாயில்லை. பருப்பு ஏற்றிய நூற்றிருபது டன் முதலில் அசையவே மாட்டேன் என்றது. அப்புறம் கிறீச்சிட்டு நகர்ந்தது. அந்த இரண்டு மைலும் மேட்டில் போவதால் காற்று பனியைத் தங்கவிடவில்லை. கட்டைகள் என் சக்கரத்துக்கடியில் நொறுங்குவது இருக்கையில் தெரிந்தது.

பள்ளிக்கூட கிராசிங்கில் நிறுத்தினோம். பத்து ஐம்பத்தைந்து. நான் மண்டியிட்டுக் குத்த ஆரம்பித்தேன். இரண்டு இடுக்கு, ஒவ்வொன்றும் இருபத்தெட்டு அடி. நான் அடைத்தது, என் டயரே அழுத்திக் கொடுத்தது. பத்தடிக்குள் மூச்சு வாங்கியது. இருபதடியில் உள்ளங்கை கிழிந்தது. ஒரு கையால், இருட்டில், பதினாலு கிராசிங். நினைத்துப் பார்த்ததில் கண் கரித்தது.

மேலிருந்து குரல் வந்தது: "மூலையில விட்டுட்ட."

"எடுக்கிறேன்."

"அந்தப் பக்கமும்."

"எடுக்கிறேன் தாயே."

பெட்டி அந்த இடத்தைத் தாண்டும்போது நான் கண்ணைத் திறக்கவே இல்லை. சத்தத்தை வைத்துத்தான் தாண்டிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

டான்ஸ்லியில் பெரிய ரயில்வேயின் ஆட்கள் ஆறு பேர் பாயின்ட்டைச் சுற்றி நின்றார்கள். வெட்டும் கருவி பற்றவைத்துத் தயாராக இருந்தது. நாலு போல்ட்டில் இரண்டைக் கழற்றிப் பனியில் வைத்திருந்தார்கள். மேஸ்திரி போட்ரி என்று ஒருவர், மீசையெல்லாம் உறைபனி. ஒரு கிரேடர் ரயில் பாதையில் வருவதையும், அதற்கு முன்னால் ஒரு பெட்டியின் நெற்றியில் கைக்கட்டோடு ஒரு பெண் நிற்பதையும் பார்த்து அவர் வாய் திறந்தபடி நின்றது. டெக்லா இடது கையால் பிரேக் சக்கரத்தைச் சுற்றினாள். பெட்டி நின்றது. பதினொன்று நாற்பத்தெட்டு.

"என்னம்மா இது?"

"பெட்டி. தொண்ணூறு டன் மசூர் பருப்பு."

"இன்ஜின் எங்கம்மா?"

"ஒன்பது மைல் பின்னாடி, தரையில நிக்குது."

"அப்போ இதைக் கொண்டுவந்தது?"

"நார்பர்ட்."

போட்ரி என்னைப் பார்த்தார், கிரேடரைப் பார்த்தார். "இதை ரயில்னு நான் எப்படி எழுதுவேன்?"

"கடுதாசியை எடுங்க சார். சரக்கேத்தின பெட்டி, தண்டவாளத்து மேல, பன்னெண்டு மணிக்குள்ள. அதை எது தள்ளிட்டு வரணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். புத்தாண்டுக்கு முந்தின நாள், யாரும் எடுக்கவில்லை. பனியில் கிடந்த இரண்டு போல்ட்டில் ஒன்றைக் குனிந்து எடுத்தார். அப்புறம் தன் ஆட்களிடம் திரும்பி, "கருவியை அணைங்கப்பா. போல்ட்டைத் திரும்பப் போடுங்க" என்றார். அந்த ஆறு பேரில் ஒருவன் கைதட்டினான். போட்ரி முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா" என்றார் போட்ரி. "இன்ஜின் தடம் புரண்டிருக்குன்னு சொல்லிட்டீங்க. காரணம் எழுதிக் கொடுத்தாத்தான் பெட்டியை வாங்க முடியும்."

டெக்லாவின் வலது கை தொட்டிலில். படிவத்தைப் போட்ரியுடைய வண்டியின் முன்மூடியில் விரித்து, "நார்பர்ட், நீ எழுது" என்றாள். டான்ஸ்லி வரை வண்டி ஓட்டி வந்தபோது மனசுக்குள் எழுதி வைத்திருந்ததையே எழுதத் தொடங்கினேன்: 'ஊராட்சி கிரேடர் ஓட்டுநர் நார்பர்ட் கெஸ்லர், விதியை மீறி…' அவள் எட்டிப் பார்த்தாள்.

"அதை அடி. நான் சொல்றதை எழுது."

"நடந்தது இதுதானே டெக்லா?"

"நடந்ததைத்தான் நானும் சொல்லப் போறேன். எழுது. எழுபதாம் கிராசிங். இடுக்கில் சரளை. காரணம், நண்பர் ஒருவர் சுத்தம் செய்தார்."

போட்ரி குனிந்து பார்த்தார். "இது ஒரு காரணமாம்மா?"

"எங்க பக்கம் இது போதும் சார்."

நான் 'காரணம்' வரைக்கும் எழுதிவிட்டேன். அடுத்த வார்த்தைக்குப் பேனா நகரவில்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கழுதை என்றிருக்கிறாள், குருடன் என்றிருக்கிறாள், தகரத் தலையன் என்றிருக்கிறாள். இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. குளிரில் மை உறைந்துவிட்டது என்று போட்ரியிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.